லிஸ்பன்ல ஒரு வாரம்: மாமா, நான், கொஞ்சம் கருவாடு

ஜூன் 7, வெள்ளி. கொலோன், ராத்திரி

நாளைக்கு விடியக்காலைல ஃப்ளைட். மாமா ஒம்பது மணிக்கே தூங்கிட்டாரு, நான் மட்டும் லேப்டாப்ப மடியில வச்சுக்கிட்டு எக்செல்ல கடைசியா ஒரு தடவை பாத்துக்கிட்டு இருக்கேன்.

மாமான்னா அம்மாவோட அண்ணன். தூத்துக்குடி துறைமுகத்துல முப்பத்தொரு வருஷம் டாலி கிளார்க்கா இருந்தவரு, கப்பல்ல இருந்து எத்தன மூட்டை எறங்குச்சுன்னு எண்ணி எழுதுற வேலை, ரிட்டயர் ஆகியும் அந்தப் பழக்கம் போகல, எங்க போனாலும் எதையாவது எண்ணிக்கிட்டே இருப்பாரு. எங்க அபார்ட்மென்ட் படி 64. கொலோன் பேராலயத்து கோபுரத்துல 533 படின்னு போர்டு வச்சிருக்கான், அத நம்பாம தானே எண்ணிப் பாக்கேன்னு ஏறி 200-லயே மூட்டு பிடிச்சுக்கிச்சு. எறங்கி வந்து "இருக்கும், இருக்கும்"னாரு.

வந்து ஒரு மாசம் ஆச்சு. ஜெர்மனி பத்தி அவரு தீர்ப்பு: "ஏல, எல்லாம் நல்லாத்தான் இருக்கு, திங்கதுக்குத்தான் ஒண்ணுமில்ல." பாரீஸ் போவமான்னு கேட்டதுக்கு "அங்க என்ன மீனு கெடைக்கும்?"னாரு. அங்க முடிவாச்சு லிஸ்பன்.

பிளான் பெருசா ஒண்ணுமில்ல, ஒரு நாளைக்கு பழசு ஒண்ணு, மீனு ஒண்ணு, குடிக்க ஒண்ணு, அதுக்கு மேல வேண்டாம், அறுபத்தெட்டு வயசு மூட்ட வச்சுக்கிட்டு ஏழு மலை ஊர்ல மூணு மியூசியம் ஒரே நாள்ல பாக்க முடியாது. அதனால ரூமும் அல்ஃபாமாங்கற பழைய பகுதியில போடல, அங்க சந்தெல்லாம் படிக்கட்டு, பெட்டிய யாரு தூக்குறது. மார்ட்டிம் மொனிஸ்ங்கற சதுக்கத்துப் பக்கம் போட்டிருக்கேன், தரை மட்டம், சுத்தி நம்ம நாட்டு ஆளுங்க, பங்களாதேஷ், நேபாள ஆளுங்க கடையெல்லாம் இருக்கு, அரிசிக்குப் பிரச்சனை வராது. இன்னொண்ணு, முழுச்சாப்பாட்ட மதியமே முடிச்சுக்கணும், சின்னக் கடைகள்ல 'அன்னைக்கு என்ன'ன்னு ஒரு தட்டு போடுவாங்க, மலிவு, ராத்திரி அதே கடை அதே மீனுக்கு விலை வேற.

ஜூன் 12, 13 அந்தோணியார் திருவிழா, அதுக்காகத்தான் இந்த வாரம். ரூம் வாடகை அந்த ரெண்டு நாளைக்கு மட்டும் டபுள். பிப்ரவரியிலயே போட்டும் டபுள்.

ஜூன் 8, சனி. முதல் நாள்

வீட்டுக்கார அம்மா ரூம் வாசல்ல நின்னுக்கிட்டு என்னைய பாத்து கடகடன்னு போர்ச்சுக்கீசியத்துல பேச ஆரம்பிச்சுட்டாங்க. புக்கிங்ல பேரு பெர்னாண்டோன்னு இருந்துச்சா, ஊர்க்காரன்னு நெனச்சிருக்காங்க. கறுப்பா ரெண்டு பேரு பெட்டியோட வந்து முழிக்கவும் அவங்களும் முழிச்சாங்க. தூத்துக்குடி கடற்கரையில பாதிப் பேருக்கு இந்த மாதிரி பேருதான், 1530-கள்ல போர்ச்சுக்கீசியன் வந்தப்ப எங்க ஆளுங்க மொத்தமா ஞானஸ்நானம் வாங்குனதுல இருந்து வர்றது, அத எந்த பாஷையில விளக்குறது. சும்மா தலையாட்டி வச்சேன். இங்க பெர்னாண்டோங்கறது குடும்பப் பேரு இல்லையாம், நம்ம ஊர்ல முருகன்னு கூப்புடுற மாதிரி கூப்புடுற பேரு. அதனால ஏழு நாளும் நான் "ஃபெர்னாந்து".

சாவிய கையில குடுத்து "ஷாவ்"ன்னாங்க. மாமா உடனே திரும்பி "என்ன சொல்லுதா? சாவியா?"ன்னாரு. அப்புறம் ரூமுக்குள்ள போயி அவங்க ஒவ்வொண்ணா காட்டக் காட்ட, ஜனேலா, ஜன்னல். மேசா, மேசை. அர்மாரியு, அலமாரி. குளியலறையில துவால்யா, துவாலை. வெளிய வராந்தா, வராந்தாவே தான். மாமாவுக்குக் கண்ணு விரிஞ்சு போச்சு, கடைசில அந்தம்மா சமையல் ரூமக் காட்டி "குசீன்யா"ன்னதும் "எங்கம்மா குசினின்னுதாம்லா சொல்லுவா!"ன்னு சத்தமா சொல்லி அந்தம்மாவ பயமுறுத்திட்டாரு. எனக்கு இதெல்லாம் படிச்சுத் தெரியும், ஆனா படிச்சுத் தெரியறதும் ஒரு ஆளு ஜன்னலத் தொட்டு ஜன்னல்ங்கறதும் வேறதான்.

சாயங்காலம் ஏமாந்தோம். கீழ்ப்பகுதியில, டூரிஸ்ட் நெரிசல்ல ஒரு ஹோட்டல், உக்காந்ததும் கேக்காமலே பாண் (ரொட்டிதான்), ஆலிவ், சின்ன சீஸ் உருண்டை, வெண்ணெய் எல்லாம் கொண்டு வந்து வச்சான். மாமா "நல்ல உபசரணை"ன்னுட்டு எல்லாத்தையும் காலி பண்ணாரு. பில்லுல அத்தனைக்கும் தனித்தனியா காசு, பன்னெண்டு யூரோ. இங்க இது ஊர் வழக்கம், தொடலன்னா காசில்ல, வேண்டாம்னா எடுத்துட்டுப் போவாங்க, திட்டுனா நம்மளத்தான் திட்டணும், எக்செல்ல இதுக்கு ஒரு வரி நானே எழுதியிருந்தேன், பசியில மறந்துட்டேன். மாமா மட்டும் ரூமுக்கு வர்ற வரைக்கும் "ஆலிவு எட்டு, எட்டே எட்டு"ன்னுக்கிட்டே வந்தாரு.

ஜூன் 9, ஞாயிறு

ஞாயித்துக்கிழமைன்னா மாமாவுக்கு பூசை. ரூம்ல இருந்து அஞ்சு நிமிஷம் சாந்தோ டொமிங்கோ தேவாலயம். உள்ள போனதும் ரெண்டு பேரும் அப்படியே நின்னுட்டோம். 1959-ல தீப்பிடிச்சு எரிஞ்ச தேவாலயம், திரும்பக் கட்டுனப்போ கூரைய மட்டும் போட்டுட்டு தூணையெல்லாம் அப்படியே விட்டுட்டாங்க. சூட்டுல வெடிச்சு பொறை பொறையா உதிர்ந்த கல்லு, பூச்சு இல்ல, சிலைகளுக்கு மூக்கு விரல் இல்ல, அதுக்கு நடுவுல சாதாரணமா பூசை நடக்குது, ஒரு பாட்டி அந்த உதிர்ந்த தூண்ல சாஞ்சுக்கிட்டு ஜெபமாலை உருட்டுது.

வாசல்ல சதுக்கத்துல நட்சத்திரம் பதிச்ச ஒரு கல் நினைவுச்சின்னம். 1506 ஈஸ்டர் சமயத்துல இந்த தேவாலயத்துல கிளம்புன கலவரம், யூதர்களா இருந்து கட்டாயமா கிறிஸ்தவங்களா மாத்தப்பட்டவங்கள மூணு நாளா ஊரெல்லாம் தேடித் தேடிக் கொன்னிருக்காங்க. மாமா கிட்ட சொன்னேன். "மாத்துனதுக்கு அப்புறமுமா?"ன்னு கேட்டாரு. ஆமான்னேன். வேற ஒண்ணும் சொல்லல.

அந்தக் கல்லுக்கு எதுத்தாப்புல, இருபது முப்பது அடிதான் இருக்கும், ஜிஞ்சின்யா கடை. 1840-ல இருந்து இருக்கு. கடைன்னா ஒரு பொந்து, ரெண்டு பேரு நின்னா நெறஞ்சுரும், பில்லப் போட்டு வாங்கிட்டு வெளிய வந்து நின்னு குடிக்கணும். புளிப்புச் செர்ரிய சாராயத்துல சர்க்கரை போட்டு ஊறப்போட்டது, கிளாஸு நம்ம இருமல் மருந்து மூடியவிட கொஞ்சம் பெருசு. "பழத்தோடயா, பழம் இல்லாமயா"ன்னு ஒரே கேள்விதான் கேப்பான். பழத்தோட வாங்கணும். பூசை முடிஞ்சு காலைல பதினொண்ணரை மணிக்கு சுருட்டு வாசனையோட தாத்தாமாரு வரிசையா நிக்காங்க, கொட்டைய கீழ துப்பித் துப்பி தரையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டுது. மாமா ஒண்ணு குடிச்சாரு, "இருமல் டானிக்கு மாதிரிதான் இருக்கு"ன்னாரு, அப்புறம் "இருமுது"ன்னு இன்னொண்ணு.

மதியம் அசுலேஜு மியூசியம். அசுலேஜுன்னா அந்த வழுவழுப்பான சுவத்து ஓடு, ஊரெல்லாம் வீட்டு முகப்புல ஒட்டியிருக்கும். பழைய கன்னியர் மடத்துல மியூசியம், அங்க மாடியில 23 மீட்டர் நீளத்துக்கு நீலமும் வெள்ளையுமா ஓட்டுலயே லிஸ்பன் ஊர வரஞ்சு வச்சிருக்கான், 1700 வாக்குல செஞ்சது. அதுல இருக்கற ஊரு 1755 நிலநடுக்கத்துல போயிருச்சு, மிச்சம் இருக்கறது இந்த ஓடுதான்னு சொல்லலாம். நான் அரண்மனை எங்கன்னு தேடிக்கிட்டு இருந்தேன், மாமா கப்பல எண்ணுனாரு. பாதியில ஒரு ஸ்கூல் பசங்க கூட்டம் நடுவுல வந்து கணக்கு விட்டுப் போச்சு, திரும்ப மொதல்ல இருந்து எண்ணுனாரு. கரையில கட்டுனது தனி, நங்கூரம் போட்டது தனியாம். ஒரு மணி நேரம்.

ஜூன் 10, திங்கள்

இன்னிக்கு பெலேம்னு பிளான், ஆத்தங்கரையோரமா இருக்கற லிஸ்பன் பகுதி. 15-ஆம் நம்பர் டிராம்ல நசுங்கி நசுங்கி போயி இறங்குனா ஜெரோனிமோஸ் மடாலயம் திங்கக்கிழமை லீவு. போதாக்குறைக்கு இன்னிக்கு போர்ச்சுகல் தேசிய நாள் வேற.

"ஏன் மருமவனே, அந்த எக்செல்லுல கிழமை போடுறதுக்கு எடம் இல்லியா?"

எடம் இருந்துச்சு, போடல. ஐரோப்பாவுல பாதி மியூசியம் திங்கக்கிழமை மூடுவான்னு எனக்கே தெரியும், இருந்தும் வெள்ளைக்காரன் மாதிரி கலர் கலரா கட்டம் போட்டேனே தவிர இதப் பாக்கல.

சரின்னு பக்கத்துல பஸ்டெல் கடைக்குப் போயிட்டோம், 1837-ல இருந்து இருக்கற கடை, நீலக் கூடாரம், தெருவுல கியூ. அந்தக் கியூ பார்சலுக்குத்தான், உள்ள நெறய ரூம் இருக்கு, நேரா உள்ள போயி உக்காந்தா சீக்கிரம் கிடைக்கும். உள்ளங்கையில அடங்குற சின்னக் கிண்ணம், வெளிய அப்பளத்த விட மெல்லிசா அடுக்கடுக்கா மாவு, உள்ள முட்டை மஞ்சக்கரு கஸ்டர்டு, மேல அங்கங்க கருகுன புள்ளி. சூடா வரும், மேல பட்டைப் பொடி தூவிக்கணும். கடிச்சதும் அந்த மாவு ஒடையற சத்தம் பக்கத்து டேபிள் வரைக்கும் கேக்குது.

கதை என்னன்னா அந்தக் காலத்துல மடத்துல துணிக்குக் கஞ்சி போட முட்டை வெள்ளைக்கருவ பயன்படுத்துவாங்களாம், மிச்சமாகுற மஞ்சக்கருவ என்ன பண்றதுன்னு தெரியாமத்தான் இந்த ஊர்ல இவ்வளவு மஞ்சக்கரு பலகாரம். 1834-ல அரசாங்கம் மடங்களையெல்லாம் மூடவும் சமையல் ரகசியம் வெளிய வந்து கடையாச்சு. நான் இத சொல்லச் சொல்ல மாமா மெல்லுறத நிறுத்திட்டாரு.

"அப்ப வெள்ளக்கரு?"

"அதான் மாமா, துணிக்கு..."

"இல்லல. வெள்ளக்கரு தூத்துக்குடிக்கு வந்துட்டு. மக்ரூன்!"

தூத்துக்குடி மக்ரூன் தெரியாதவங்களுக்கு: வெள்ளைக்கருவ நுரைக்க நுரைக்க அடிச்சு சர்க்கரையும் முந்திரிப் பொடியும் சேத்து கூம்பு கூம்பா பிழிஞ்சு சுடறது. மஞ்சக்கரு அதுல கிடையாது. அது போர்ச்சுக்கீசியன் விட்டுட்டுப் போனதுன்னு ஊர்ல எல்லாரும் சொல்லுவாங்க. உண்மையோ பொய்யோ, ஒரு முட்டைய ரெண்டா ஒடச்சு ஆளுக்குப் பாதியா எடுத்துக்கிட்ட மாதிரி ஒரு கணக்கு மாமாவுக்கு டேலி ஆகிருச்சு, அந்த சந்தோஷத்துலயே மூணு சாப்ட்டாரு. சுகர் மாத்திரைய ரூம்ல வச்சுட்டு வந்திருக்காரு, அது வேற கதை.

ஆத்தங்கரையில கண்டுபிடிப்பு நினைவுச்சின்னம், கப்பல் மூக்கு மாதிரி 1960-ல கட்டுனது, ரெண்டு பக்கமும் சிலைங்க ஏறி நிக்கும். மாமா எண்ணிட்டு 33ன்னாரு, சரியான விடை. அதுல சவேரியாரும் ஒருத்தரு. 1542-ல நம்ம முத்துக்குளித்துறைக்கு வந்து ஊர் ஊரா மணியடிச்சுக்கிட்டு நடந்த அதே சவேரியாரு, மணப்பாடு குகையில இருந்தவரு. மாமா சிலைக்குக் கீழ போயி சிலுவை போட்டுக்கிட்டாரு, செல்ஃபி எடுக்கற கொரியாக்காரங்க ஒதுங்கி வழி விட்டாங்க. எனக்கு இந்த நினைவுச்சின்னத்தப் பாத்தா ஒரு எரிச்சல்தான் வரும், கண்டுபிடிச்சோம் கண்டுபிடிச்சோம்னா நாங்க என்ன தொலைஞ்சா போயிருந்தோம், அதுலயும் இதக் கட்டுனது சலசார் சர்வாதிகாரத்துல. சொன்னேன். "எரிச்சப்படு, நான் சவேரியாரத்தான் கும்புட்டேன்"னாரு. இதுக்கு மேல என்ன பேச.

ஜூன் 11, செவ்வாய்

மறுபடி 15-ஆம் நம்பர். இன்னிக்குத் தொறந்திருந்துச்சு.

மடாலயம் 1501-ல கட்ட ஆரம்பிச்சது, செலவுக்கு ஆப்பிரிக்கா, கிழக்கு நாடுங்க பக்கத்துல இருந்து வர்ற வியாபாரத்துல இருபதுல ஒரு பங்கு. தூண்ல கயிறு முறுக்கு, முடிச்சு, கடல் பாசின்னு கல்லுல செதுக்கியிருக்கான், மாமா அந்தக் கயித்து முடிச்சத் தடவிப் பாத்து "இது சரியான முடிச்சுதான்"னு சர்ட்டிபிகேட் குடுத்தாரு. அத்தனையும் கடல் வியாபாரக் காசு. உள்ள இடது பக்கம் வாஸ்கோ ட காமா கல்லறை. 1524-ல கொச்சியில செத்து, மொதல்ல அங்கயே புதைச்சு, 1539-ல எலும்ப போர்ச்சுகலுக்கு எடுத்துட்டு வந்தாங்க, இந்த மடாலயத்துக்கு வந்தது ரொம்பப் பிறகுதான்.

ஆனா நான் பெலேமுக்கு வந்தது வேற ஒண்ணுக்காக. 1554-ல இந்த லிஸ்பன்ல ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சாச்சு, ஜெபங்களும் மறைக்கல்வியும், தமிழும் போர்ச்சுக்கீசியமுமா. தமிழ எழுதியிருக்கறது ரோமன் எழுத்துல, தமிழ் எழுத்துல அச்சு வர இன்னும் இருபத்தி நாலு வருஷம் ஆகணும், அது 1578-ல கொல்லத்துல. லிஸ்பன் புத்தகத்துக்கு வேலை பாத்தவங்க பேரு வின்சென்ட் நசரேத், ஜார்ஜ் கார்வாலோ, தோமா குரூஸ், நம்ம கடற்கரையில இருந்து கப்பலேறி இங்க வந்த மூணு தமிழ் ஆளுங்க. அதோட பிரதி ஒண்ணு இந்த மடாலயத்தோட ஒட்டுன தொல்லியல் அருங்காட்சியகத்துல இருக்கு. அந்த மியூசியம் ரிப்பேர் வேலைக்காக மூடிக் கிடக்கு. இது முன்னாடியே தெரிஞ்சுதான் வந்தேன், இருந்தாலும் அந்த மூடுன கதவு முன்னாடி நின்னு மாமாவ ஒரு போட்டோ எடுத்தேன்.

"தமிழ இங்கிலீஷு எழுத்துல எழுதியிருக்கானா?"

"இங்கிலீஷ் இல்ல மாமா, ரோமன். ஆனா ஆமா, அதே மாதிரிதான்."

"அப்ப நான் வாட்ஸப்புல 'saptiya'ன்னு போட்டா மட்டும் ஏம்ல திட்டுத? 470 வருசமா நாங்க அப்படித்தான்."

அவரு கையில போன வாங்கி எனக்கே ஒரு மெசேஜ் போட்டாரு. படிச்சுட்டு வச்சுட்டேன்.

மதியம் அர்செனால் தெருவுல கருவாட்டுக் கடை. பக்கல்யாவ்னு பேரு, காட் மீன் கருவாடு. வாசல் வரைக்கும் வாசனை வந்துச்சு, மாமா மூக்க தூக்குனாரு, அதுக்கப்புறம் நான் கூட வந்தவன் மட்டும்தான். ஒரு மீன பொளந்து விரிச்சு காயவச்சு பலகை மாதிரி அடுக்கி வச்சிருக்கான், ஒவ்வொண்ணும் சின்னப் பிள்ளை உசரம். மாமா ஒண்ண எடுத்து விரலால சுண்டிப் பாத்தாரு, டொக்குன்னு சத்தம், முள்ளு ஓரத்துல நகத்தால லேசா கீறி மோந்தாரு, உப்பு பூத்திருக்கற எடத்துல விரல தொட்டு நாக்குல வச்சாரு. கடைக்காரரு மொதல்ல முறைச்சாரு, அப்புறம் ஆளு விவரமானவருன்னு புரிஞ்சுக்கிட்டு உள்ள இருந்து இன்னும் தடிச்ச ஒண்ணக் கொண்டு வந்து காட்டுனாரு. ஒருத்தரு தமிழ் ஒருத்தரு போர்ச்சுக்கீசியம், பத்து நிமிஷம் பேசுனாங்க. மாமா கேட்ட கேள்வி எத்தன நாளு ஊறப்போடணும், அவரு ரெண்டு விரலக் காட்டி தண்ணி மாத்துற மாதிரி கைய ஆட்டுனாரு, மாமா அதுக்கு அரிசி களையிற மாதிரி ஆட்டிக் காட்டி "கழனித்தண்ணி, கழனித்தண்ணி"ன்னாரு.

கூத்து என்னன்னா இந்த மீனு போர்ச்சுகல் கடல்லயே கிடையாது. நூத்துக்கணக்கான வருஷமா நியூஃபவுண்ட்லாண்டு வரைக்கும் போயி பிடிச்சு உப்புப் போட்டுக் கொண்டு வந்தாங்க, இப்ப நார்வே, ஐஸ்லாந்துல இருந்து வாங்குறாங்க. கடலோர ஊரு, பச்ச மீனு குவிஞ்சு கிடக்கு, ஆனா கிறிஸ்துமஸ் ராத்திரி சாப்பாடு தூர தேசத்துக் கருவாடு. மாமாவுக்கு இதுல ஒரு ஆச்சரியமும் இல்ல. "பச்ச மீனு பசிக்கி, கருவாடு ருசிக்கி."

பக்கத்துச் சின்னக் கடையில பிராஸ்ங்கற வகை சாப்ட்டோம், கருவாட்ட உதுத்து, தீக்குச்சி சைஸ்ல வறுத்த உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டைய ஊத்திக் கிளறி மேல ஆலிவ். சாயங்காலம் படகுல ஆத்தத் தாண்டி கசீல்யாஸ் போயி சிப்பி, பூண்டும் ஆலிவ் எண்ணெயும், மேல கை நெறய பச்சக் கொத்தமல்லி. ஐரோப்பாவுல கொத்தமல்லிய இப்படி அள்ளிப் போடுற ஊரு நான் வேற பாத்ததில்ல. கூட வின்யு வெர்ட், பச்சை ஒயின்னு பேரு, பச்சையா இருக்காது, இளசுன்னு அர்த்தம், லேசா சுர்ருங்கும்.

ஜூன் 12, புதன் (இத எழுதுறப்ப வியாழன் விடியக்காலம் மூணு மணி)

காலைல கார்மு மடம். கூரை இல்லாத தேவாலயம், வளைவுங்க மட்டும் விலா எலும்பு மாதிரி நிக்குது, மேல வானம், கீழ புல்லு. 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள், காலைல ஒம்பதே முக்கால் வாக்குல ஊரே கோயிலுக்குள்ள இருக்கறப்ப நிலநடுக்கம். கட்டடம் விழுந்து தப்பிச்சவங்க ஆத்தங்கரை வெட்டவெளிக்கு ஓடுனாங்க, அங்க கடல் தண்ணி உள்வாங்கித் திரும்பி வந்துச்சு. கோயில்ல ஏத்தி வச்ச மெழுகுவத்தியெல்லாம் சாஞ்சு பிடிச்ச தீ நாள்கணக்கா எரிஞ்சுது.

மாமா "பூசை நேரமா?"ன்னு கேட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு "வேளாங்கண்ணியிலயும் காலைலதாம்ல. கிறிஸ்மஸுக்கு மறுநா"ன்னாரு. அங்க ஒரு கல்லுல உக்காந்துட்டாரு, எண்ணல. நானும் போட்டோ எடுக்கறத விட்டுட்டு உக்காந்திருந்தேன். வெளிய வந்தா அதே சதுக்கத்துலதான் 1974 ஏப்ரல் 25-ல சர்வாதிகாரம் சரணடைஞ்சுது, துப்பாக்கிக் குழாய்ல கார்னேஷன் பூ வச்சாங்களே அது. இப்ப மரத்தடியில பீர் கடை.

ராத்திரி அல்ஃபாமா. எப்படி எழுதுறதுன்னு தெரியல, நம்ம உவரி அந்தோணியார் திருவிழாவ ஒரு மலைச்சந்துல மடிச்சுச் சொருகுன மாதிரி இருந்துச்சு. தலைக்கு மேல கலர்த் தாள் தோரணம், வீட்டு வாசல்ல வாசல்ல இரும்பு அடுப்பு, அதுல சாளை மீனு. ஆமா, சாளைதான், மத்தின்னு சொல்லுவாங்களே அது, நம்ம ஊருத விட கொஞ்சம் பெருசு. கொடல் எடுக்கறதில்ல, செதில் எடுக்கறதில்ல, கல் உப்பப் போட்டு அப்படியே தணல்ல. தட்டெல்லாம் கிடையாது, ஒரு துண்டு பாண் மேல மீன வச்சுக் கையில குடுப்பாங்க, கையாலயே பிச்சுத் தின்னுட்டு முள்ளக் கழிச்சா அந்தக் கொழுப்பெல்லாம் பாண்ல இறங்கியிருக்கும், கடைசி மீனு முடிஞ்சதும் அந்தப் பாண்தான் இன்னும் ருசி. புகையில கண்ணு எரியுது, எவனோ அக்கார்டியன் வாசிக்கான், தெருவே மாமா மாதிரி கையால சாப்புடுது, கரண்டி இல்ல, துடைக்கத் துணி இல்ல. மாமா ஒரு மாசத்துல மொத தடவையா கூச்சப்படாம சாப்ட்டாரு. பதினொண்ணு. அவரே எண்ணுனது.

கூடவே மஞ்சரிக்கு வாங்குனோம், சின்னத் தொட்டியில துளசி ஜாதிச் செடி, இலை கடுகு மாதிரி பொடிசு, உருண்டையா இருக்கும், அதுல ஒரு தாள் பூவும் நாலு வரிக் காதல் பாட்டும் சொருகியிருக்கும். மூக்க வச்சு மோக்கக் கூடாது, செடி பட்டுப் போயிரும்னு நம்பிக்கை, கைய வச்சுத் தடவிட்டுக் கைய மோக்கணும். இங்க அந்தோணியாரு கல்யாணத்துக்குச் சாமியாம், திருமணம் கூடி வரும்னு வேண்டிக்குவாங்களாம். இத நான் மாமா கிட்ட சொல்லியிருக்கக் கூடாது. செடிய என் கையில திணிச்சாரு.

ஜூன் 13, வியாழன்

திருவிழா நாள். செ பேராலயத்துக்குப் பக்கத்துல அந்தோணியார் பொறந்த எடத்துலயே கோயில், கீழ நிலவறையில அந்த எடம். மாமாவுக்கு இதுவே மொத அதிர்ச்சி, பதுவை அந்தோணியார்னா இத்தாலிக்காரருன்னுதான் இத்தன வருஷமா நெனச்சிருக்காரு. செத்தது பதுவையில, 1231-ல, அதான் அந்தப் பேரு. பொறந்தது 1195 வாக்குல லிஸ்பன்ல, இங்க அவர யாரும் பதுவைன்னு சொல்ல மாட்டாங்க, லிஸ்பன் அந்தோணியார்தான்.

"அப்புறம் மாமா, அந்தோணிங்கறது பிரான்சிஸ்கன் சபையில சேந்ததும் வச்ச பேரு. ஞானஸ்நானப் பேரு வேற."

"என்ன பேரு?"

"பெர்னாண்டோ."

இந்த ஒரு வரிய நான் கொலோன்ல இருந்து ஒரு வாரமா வாய்க்குள்ளயே வச்சிருந்தேன், இங்க வந்து சொல்லணும்னுதான். மாமா என்னையப் பாத்தாரு, பீடத்தப் பாத்தாரு. "கோடி அற்புதரா?"ன்னாரு, எங்க ஊர்ல அந்தோணியார அப்படித்தான் சொல்லுவாங்க. "நம்ம பேரா?" அப்புறம் பின்னாடி நின்ன, முன்னப்பின்ன தெரியாத ஒரு போர்ச்சுக்கீசியத் தாத்தாகிட்ட நெஞ்சுல கை வச்சு "பெர்னாண்டோ, பெர்னாண்டோ"ன்னு அறிமுகம் பண்ணிக்கிட்டாரு. தாத்தா கையக் குலுக்கி தன் பேர ஒண்ணு சொன்னாரு. பவனியில அந்தோணியார் பாண்னு சின்ன ரொட்டி குடுத்தாங்க, ஒண்ண அங்கயே தின்னுட்டு ஒண்ண அத்தைக்குன்னு கைக்குட்டையில முடிஞ்சுக்கிட்டாரு.

சாயங்காலம் வயிறு சரியில்லன்னு படுத்துட்டாரு. பதினோரு சாளை, மூணு ஜிஞ்சின்யா, காலைல வெறும் வயித்துல காப்பி. ஃபடோங்கற இந்த ஊரு சோகப் பாட்டுக்கு புக் பண்ணியிருந்தேன், கேன்சல். மருந்துக்கடை லீவு, வீட்டுக்கார அம்மாதான் எலுமிச்சைத் தோல கொதிக்க வச்சுக் கொண்டு வந்தாங்க. ராத்திரி ஒரு மணிக்கு "பூண்டு ரசம் வச்சா சரியாயிரும்"னாரு இருட்டுல.

ஜூன் 14, வெள்ளி. ஏர்போர்ட்ல இருந்து

காலைல கொஞ்சம் தேவலை. ஃப்ளைட் சாயங்காலம், மதியம் ஏதாவது லேசா சாப்புடணும்னு முக்குல ஒரு சின்னக் கடையில உக்காந்தோம், நாலே டேபிள், டிவியில ஃபுட்பால் ஓடுது. சர்வர் அம்மா மாமா மூஞ்சியப் பாத்தாங்க, வயித்தக் காட்டி "மோசமா?"ங்கற மாதிரி கேட்டாங்க, நான் தலையாட்டவும் மெனுவ வாங்கி வச்சுட்டு "கான்ஜா"ன்னாங்க.

வந்துச்சு. வெள்ளைக் கிண்ணம், ஆவி பறக்குது. கோழிச் சாறு, உள்ள அரிசி குழைஞ்சு, கோழி உதுத்துப் போட்டு, மேல புதினா ரெண்டு இலை. மாமா கரண்டிய விட்டுக் கிண்டுனாரு, ஒரு வாய் குடிச்சாரு.

"என்ன பேரு சொன்னா?"

"கான்ஜா."

"ஏல, கஞ்சி."

அதே கஞ்சிதான் மாமா, நம்ம பக்கம் இருந்து எடுத்துட்டு வந்த வார்த்தை, இங்க சளி காய்ச்சல் பிள்ளை பெத்தது எல்லாத்துக்கும் இதுதான் குடுப்பாங்கன்னு சொன்னேன். சாவி, ஜன்னல், மேசைன்னு வந்த நாள்ல இருந்து வாங்குன கணக்காவே எழுதிக்கிட்டு இருந்தவரு, மொதத் தடவையா குடுத்த பக்கம் ஒண்ணு விழுந்ததுல மூஞ்சி தெளிஞ்சு போச்சு. கிண்ணத்த ரெண்டு கையாலயும் தூக்கிக் குடிச்சாரு.

பாதியில நிறுத்திட்டு "தொட்டுக்க ஊறுகா இருக்கான்னு கேளு"ன்னாரு. எனக்கு எப்படிக் கேக்கறதுன்னு தெரியல, விரலால தொட்டு நக்குற மாதிரி காட்டுனேன். சர்வர் அம்மா உள்ள போயி ஒரு சின்னத் தட்டுல ஆலிவ் கொண்டு வந்து வச்சாங்க.

மாமா எடுக்கல. குனிஞ்சு எண்ணுனாரு, ஒம்போது, அப்புறம் அந்தம்மாவப் பாத்து கட்டை விரலயும் ஆள்காட்டி விரலயும் உரசிக் காட்டுனாரு, காசா?

அவங்க சிரிச்சுக்கிட்டே இல்லன்னு தலையாட்டுனதுக்கு அப்புறம்தான் ஒண்ணு எடுத்து வாயில போட்டாரு.